உகப்பும் அதன் காரணமும்: உபதேசரத்தினமாலையில் வியாக்கியாதாக்கள்

அருளிச்செயல் வியாக்கியானங்களில் பழகியவர்கள் கூடியிருக்கும் இடங்களில் ஒரு கேள்வி பெரும்பாலும் எழும். "தேவரீருக்கு மிகவும் உகந்த வியாக்கியாதா யார்?" என்பது அக்கேள்வி. விடைகளும் தயக்கமின்றி வரும். ஒருவர் ஈட்டைச் சொல்லுவார். மற்றொருவர் பெரியவாச்சான்பிள்ளையைத் தவிர வேறொருவரையும் நினைக்கமாட்டார். பிள்ளானுடைய சுருக்கத்தில் ஈடுபட்டவர்களும் உண்டு. ஆனால், 'ஏன்?' என்று அடுத்த கேள்வி பிறந்தவுடன் பேச்சு தளர்ந்துவிடுகிறது. "நடை இனிமையாயிருக்கிறது", "கேட்கக் கேட்க உருகுகிறது" என்பவற்றுக்கு மேல் பலருக்குச் சொல்ல வருவதில்லை. வேறு சிலர் காரணம் கூறப் புகுந்து, தமக்கு உகந்தவரை உயர்த்துவதற்காக மற்றவர்களைத் தள்ளி முடிக்கிறார்கள். 'ஈடு உண்டாயிருக்க மற்ற படிகள் எதற்கு?' என்ற வார்த்தை இப்படிப் பிறந்ததே. இவ்வார்த்தை பக்தியின் மிகுதியால் வந்தது போலத் தோன்றும். ஆராய்ந்தால், இது நான்கு வியாக்கியானங்களை வாசிப்பாரின்றி வைத்துவிடும் வார்த்தை.

உகந்த ஆசிரியரைப் பற்றி எப்படிப் பேசவேண்டும் என்பதற்கு நம் ஸம்பிரதாயத்திலேயே ஒரு முன்மாதிரி உண்டு. ஸ்வாமி மணவாளமாமுனிகள் அருளிச்செய்த உபதேசரத்தினமாலையே அது. எழுபத்து மூன்று வெண்பாக்களாலான இப்பிரபந்தத்தை ஆழ்வார்களின் திருநக்ஷத்திரங்களையும் அவதார ஸ்தலங்களையும் தொகுத்துக் கூறும் நூலாகவே பலரும் அநுஸந்திக்கிறார்கள். அதன் நடுப்பகுதியில், முப்பத்தொன்பதாம் வெண்பா தொடங்கி, ஒரு பெரிய வாசகர் தாம் வாசித்த ஆசிரியர்களைப் பெயர் சொல்லி, அவர்கள் தமக்கு உகந்தவர்களான காரணத்தையும் சொல்லுகிறார். அப்பகுதியை ரஸிகனுடைய வாக்குமூலமாகப் படித்தால், நம்முடைய கேள்விக்கு விடை கிடைக்கும் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

ஐவரும் அவரவர் காரணமும்

திருவாய்மொழிக்கு அமைந்த வியாக்கியானங்கள் ஐந்து. திருக்குருகைப்பிரான் பிள்ளான் அருளிய ஆறாயிரப்படி, நஞ்சீயருடைய ஒன்பதினாயிரப்படி, பெரியவாச்சான்பிள்ளையின் இருபத்துநாலாயிரப்படி, வடக்குத்திருவீதிப்பிள்ளை ஏடுபடுத்திய ஈடு முப்பத்தாறாயிரப்படி, வாதிகேஸரி அழகியமணவாளச்சீயரின் பன்னீராயிரப்படி என்பன அவை. 'படி' என்பது முப்பத்திரண்டு எழுத்துக் கொண்ட கிரந்த அளவு. ஆறாயிரம் ஸ்ரீவிஷ்ணுபுராணத்தின் அளவு என்றும், ஒன்பதினாயிரம் ஸ்ரீபாஷ்யத்தின் அளவு என்றும், இருபத்துநாலாயிரம் ஸ்ரீராமாயணத்தின் அளவு என்றும், முப்பத்தாறாயிரம் ச்ருதப்ரகாசிகையின் அளவு என்றும் பெரியோர் நிர்வஹிப்பர்.

மாமுனிகள் முதலில் இவ்வைவரையும் ஒரே வெண்பாவில் சேர்த்து, திருவாய்மொழியைக் காத்தவர்கள் என்று கொண்டாடுகிறார். அழகுபடுத்தினவர்கள் என்றோ விளக்கினவர்கள் என்றோ சொல்லாமல், காத்தவர்கள் என்றது நோக்கத்தக்கது. உரையில்லாத நூல் பாராயணத்தில் நிலைத்திருந்தாலும் பொருளில் தேய்ந்துபோகும். அடுத்த வெண்பாவும் இதையே வற்புறுத்துகிறது. இவர்கள் வியாக்கியானம் செய்தருளாவிடில் இக்காலத்தில் இப்பொருளை அறிய வல்லார் யார் என்பது அதன் தாத்பரியம்.

இதற்குப் பின் ஐவருக்கும் தனித்தனியே ஒவ்வொரு வெண்பா அமைகிறது. இவ்வைந்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஓர் ஒழுங்கு புலப்படும். பிள்ளானைச் சொல்லும்போது எம்பெருமானாருடைய அருள் சொல்லப்படுகிறது. நஞ்சீயரைச் சொல்லும்போது பட்டருடைய அருள் சொல்லப்படுகிறது. பெரியவாச்சான்பிள்ளை நம்பிள்ளையின் நியமனத்தால் எழுதியவராகக் காட்டப்படுகிறார். வடக்குத்திருவீதிப்பிள்ளை அதே நம்பிள்ளை உபதேசித்த வழியை நாட்டார் அறிய உரைத்தவராகக் காட்டப்படுகிறார். ஆக நால்வரிடத்திலும் உகப்புக்குக் காரணமாக முன்னே வைக்கப்படுவது அவர்கள் எவரிடமிருந்து பெற்றார்கள் என்பதே. நால்வரில் ஒருவரையும் ஆசாரியனிடமிருந்து பிரித்துத் தனியாக நிறுத்திப் புகழவில்லை.

ஐந்தாம் வெண்பாவில் இவ்வொழுங்கு மாறுகிறது. அழகியமணவாளச்சீயரைக் கொண்டாடும் அவ்விடத்தில் ஓர் ஆசாரியன் திருநாமம் காணப்படவில்லை. பெரியவாச்சான்பிள்ளை திருவடிகளில் ஆச்ரயித்தவர் அவர் என்பது ப்ரஸித்தமாயிருக்க, மாமுனிகள் அதைச் சொல்லாமல் வேறொன்றைச் சொல்லுகிறார். பின்னால் வருபவர்களும் கற்றுத் தெளிந்து பேசவேண்டும் என்ற அன்பினால் இவர் உரைத்தார் என்பதே அங்குக் கூறப்படும் காரணம். முன் நால்வருக்கும் பெற்ற இடம் காரணமாயிற்று. ஐந்தாமவருக்குக் கொடுத்த இடம் காரணமாயிற்று.

இது தற்செயலாக அமைந்ததன்று. பிரபந்தத்தின் முதல் வெண்பாவிலேயே இவ்விரண்டும் சேர்ந்திருக்கின்றன. தம் ஆசாரியரான திருவாய்மொழிப்பிள்ளையின் அருளால் வந்த உபதேசத்தை, பின்னுள்ளாரும் கற்கும்படி வெண்பாவில் வைத்துப் பேசுவதாகவே மாமுனிகள் தொடங்குகிறார். பெற்ற இடமும் கொடுக்கும் இடமும் ஆகிய இவ்விரண்டு முனைகளுக்கு நடுவே தம்மை நிறுத்திக்கொண்டவர், மற்ற ஆசிரியர்களையும் அவ்விரண்டு முனைகளாலேயே அளக்கிறார். ஒரு நூலாசிரியரை ஏன் உகக்கிறோம் என்பதற்கு அவர் கைக்கொண்ட அளவுகோல் இதுவே.

பெற்றதும் கொடுத்ததும்

இவ்வளவுகோலைக் கொண்டு ஐவரையும் அணுகினால், நாம் பொதுவாகச் சொல்லும் 'நடையழகு' என்பதற்குள் இருக்கும் பொருள் விரியும்.

பிள்ளானுடைய சுருக்கம் சிலருக்கு வறட்சியாகப் படும். ஐதிஹ்யங்களை விரும்பித் தேடுபவர்களுக்கு ஆறாயிரப்படி ஏமாற்றமே தரும். ஆனால் அவர் பெற்ற இடத்தை நினைக்கவேண்டும். பெரிய திருமலைநம்பியின் குமாரராய், எம்பெருமானாருக்கு ஞானபுத்திரராய் விளங்கியவர் அவர். திருவாய்மொழிக்கு எழுந்த முதல் வியாக்கியானம் அவருடையது. ஸ்ரீபாஷ்யத்திலும் கத்யத்திலும் உள்ள எம்பெருமானாருடைய வாக்கு ஆழ்வாருடைய பாசுரத்தின்மேல் எப்படிப் பொருந்தி அமர்கிறது என்பதை ஆறாயிரப்படியிற்போல நேராகக் காண வேறிடமில்லை. உபயவேதாந்தம் என்று நாம் வாயால் சொல்லுவது அங்கே வாக்கியமாகவே நிற்கிறது. சொற்சுருக்கம் என்பது அங்கே அடக்கத்தின் வடிவம். அச்சுருக்கத்தில் ஈடுபட்டே பிற்காலத்தில் ஸாக்ஷாத் ஸ்வாமி அதற்கு இருபத்துநாலாயிரப்படி என்னும் விரிவை அருளினார். ஆறாயிரத்துக்கு நான்கு மடங்கு விரிவு எழுதுவதற்கு இடம் இருந்தது என்பதே பிள்ளானுடைய சுருக்கத்தின் நிறைவுக்குச் சான்று.

நஞ்சீயர் வேதாந்தியாயிருந்து பட்டரால் திருத்தப்பட்டு, செல்வத்தைத் துறந்து ஸ்ரீரங்கம் வந்து சேர்ந்தவர். அவருடைய ஒன்பதினாயிரப்படியைப் பற்றிய ஐதிஹ்யம் யாவரும் அறிந்தது. அதைச் செவ்வனே எழுதித் தரும்படி நம்பூர் வரதராஜரிடம் ஓலைகளை ஒப்புவித்தார். காவிரியைக் கடக்கையில் ஓலைகள் வெள்ளத்தில் போயின. வரதராஜர் தாம் கேட்டதை நினைவிலிருந்தே எழுதினார். எழுதுகையில் சில இடங்களில் விசேஷார்த்தங்களும் சேர்ந்தன. அதைக் கடாக்ஷித்த நஞ்சீயர் தம் வாக்கினும் இது சிறந்திருக்கக் கண்டு உகந்து, அவரை 'நம்பிள்ளை' என்று அழைத்து அணைத்தார். தம் நூலைத் தம்மினும் நன்றாக அறிந்த வாசகனைக் கண்டு மகிழும் ஆசிரியர் நஞ்சீயர். இப்படிப்பட்ட ஆசிரியரை உகப்பதற்குக் காரணம் தேடவேண்டியதில்லை.

பெரியவாச்சான்பிள்ளையை நாலாயிரத்துக்கும் உரை கண்டவர் என்றும் வியாக்கியான சக்கரவர்த்தி என்றும் கொண்டாடுவது வழக்கம். ஸ்ரீராமாயணத்தில் அவருக்கிருந்த ஈடுபாடு அவருடைய எந்த உரையிலும் மறையாது. ஆழ்வார்களுடைய சொற்களையே கோத்து அவர் அமைத்த பாசுரப்படி ராமாயணம் அவ்வீடுபாட்டின் பழுத்த பயன். மாமுனிகள் இவரைக் குறித்து மேலும் ஒரு வெண்பா அருளுகிறார். மற்றப் பிரபந்தங்களுக்கும் இவர் உரை செய்ததாலன்றோ இன்றைய பெரியோருக்கு அருளிச்செயலின் பொருள் தெரியவருகிறது என்பது அதன் கருத்து. உடனே அடுத்த வெண்பாவில், நஞ்சீயர் சில பிரபந்தங்களுக்கே உரை செய்தார், எல்லாவற்றுக்கும் செய்யவில்லை. உலகாசிரியருடைய திருத்தம்பியாரான அழகியமணவாளப்பெருமாள் நாயனார் செய்தவையும் சிலவே என்று கணக்குச் சொல்லுகிறார். உகப்பு மிகுந்திருக்கும் இடத்திலும் இல்லாததை உண்டென்று சொல்லாத இந்த நேர்மை நம் பாராட்டுரைகளில் அரிதாகவே காணப்படுகிறது.

ஈடு எதனால் ஈடாயிற்று

மாமுனிகளுக்கு 'ஈட்டுப் பெருக்கர்' என்ற திருநாமம் உண்டு. ஐந்தில் அவருக்கு எது மிகவும் உகந்தது என்று கேட்கவேண்டியதில்லை. பிரபந்தத்திலும் அது தெரிகிறது. மற்ற வியாக்கியானங்கள் தோன்றிய விதத்தை மட்டும் சொன்னவர், ஈட்டுக்கு மாத்திரம் அது கைமாறி வந்த வழியையும் சொல்லுகிறார். நம்பிள்ளை பகலில் அருளிச்செய்ததை வடக்குத்திருவீதிப்பிள்ளை இரவில் ஏடுபடுத்தினார். அதை நம்பிள்ளை வாங்கி, ஈயுண்ணி மாதவப்பெருமாளிடம் கொடுத்தார். அவரிடமிருந்து அவர் குமாரர் பத்மநாபப்பெருமாள், பின் நாலூர்ப்பிள்ளை, அவர் குமாரர் நாலூராச்சான்பிள்ளை, திருவாய்மொழிப்பிள்ளை என்று வந்து மாமுனிகளிடம் சேர்ந்தது. நாட்டார் அறிய உரைத்தது என்று ஒரு வெண்பா சொல்ல, ஒருவர் கையிலிருந்து ஒருவர் கைக்கு மட்டுமே சென்றதென்று வேறு வெண்பாக்கள் சொல்லுவது முரண்போலத் தோன்றும். நாட்டார் அறிவது உண்மையில் நிறைவேறியது பரீதாபி ஆண்டு ஆவணி தொடங்கிப் பிரமாதீச ஆண்டு ஆனித் திருமூலம் முடிய, அதாவது 1432-33இல், பெரியபெருமாள் ஸந்நிதியில் மாமுனிகள் ஈட்டைக் காலக்ஷேபம் ஸாதித்தருளியபோதே. முன் வெண்பாவில் சொன்னதைத் தாமே நடத்திக் காட்டினார் என்று கொண்டால் முரண் நீங்கும்.

இனி ஈட்டை உகப்பதற்கு அந்நூலிலிருந்தே காரணம் காட்டவேண்டும். இரண்டு இடங்கள் போதும்.

முதற்பத்து ஆறாம் திருவாய்மொழியின் முதற்பாசுரம் எம்பெருமானை ஆராதிப்பது எளிது என்பதைச் சொல்லுவது. புகையும் பூவும் நீரும் இன்னவை என்று ஆழ்வார் விசேஷிக்கவில்லை. அதனால் எந்தப் பூவும் ஆகும், முட்செடியான கண்டகாலியின் பூவும் ஆகும் என்று பட்டர் அருளிச்செய்தார். கேட்டிருந்த நஞ்சீயர், கண்டகாலிப் பூவைச் சாத்தலாகாதென்று சாஸ்திரம் விலக்கியிருக்கிறதே என்று விண்ணப்பம் செய்தார். பட்டர் அதற்கு, அந்த விலக்கு பூ அவனுக்கு ஆகாதென்பதால் வந்ததன்று, பறிக்கும் அடியார் கையில் முள் தைக்குமே என்று வந்தது என்று ஸமாதானம் அருளினார். ஈடு இதைத் தீர்ந்த முடிவாக மட்டும் தராமல், கேட்டவர், கேள்வி, விடை என்ற உருவத்திலேயே தருகிறது. கேள்வியும் எளிய கேள்வியன்று. சாஸ்திரம் கற்றவன் நியாயமாகவே எழுப்பக்கூடியது. விடையில் சாஸ்திரமும் தள்ளப்படவில்லை, ஆழ்வார் வாக்கும் சுருக்கப்படவில்லை. விதியின் கடுமை என்று தோன்றியது அடியார்பால் அவனுக்கிருக்கும் பரிவாக மாறிவிடுகிறது. பாசுரத்தின் பொருளான ஸௌலப்யம் இவ்வுரையாடலில் மீண்டும் ஒருமுறை வெளிப்படுகிறது.

மற்றோர் இடம் இரண்டாம் பத்து மூன்றாம் திருவாய்மொழியின் மூன்றாம் பாசுரம். எம்பெருமானார் திருமாலையாண்டானிடம் திருவாய்மொழி கேட்கையில், இப்பாசுரத்தை ஆழ்வாருடைய வருத்தமாக ஆண்டான் நிர்வஹித்தார். முன்னும் பின்னும் உள்ள பாசுரங்கள் உகப்பைச் சொல்லுவதால் இதையும் உகப்பாகவே கொள்ளவேண்டும் என்று கருதி, எம்பெருமானார் சொற்களை வேறுவிதமாக அந்வயித்தார். ஆளவந்தாரிடம் கேளாத பொருள் இது, விசுவாமித்திர ஸ்ருஷ்டி போன்றது என்று ஆண்டான் காலக்ஷேபத்தை நிறுத்திவிட்டார். திருக்கோட்டியூர்நம்பி எழுந்தருளி, இப்பொருளைத் தாம் ஆளவந்தாரிடம் கேட்டதுண்டு என்று அருளிச்செய்த பிறகே அது மீண்டும் நடந்தது. இச்செய்தியை ஈடு மறைக்கவில்லை. எம்பெருமானாருடைய நிர்வாஹமே பொருந்தியது என்று தெரிந்திருந்தும், ஆண்டான் பணித்த பொருளையும் உடன் காத்து வைத்திருக்கிறது. தாம் கொள்ளாத பொருளையும் அதைச் சொன்னவருடைய பெருமையோடு காத்து வைப்பதே ஈட்டின் குணம்.

இவ்விரண்டாம் காரணத்தை உணர்ந்தவன் 'ஈடு போதும், மற்றவை வேண்டா' என்று சொல்லமாட்டான். ஆளவந்தார், எம்பெருமானார், பிள்ளான், பட்டர், நஞ்சீயர் என்று பலருடைய நிர்வாஹங்கள் சூழவே ஈடு பேசுகிறது. அவர்களைத் தள்ளிவிட்டு ஈட்டை மட்டும் கொள்ளுவது, ஒரு கோஷ்டியில் நடக்கும் உரையாடலில் ஒருவர் குரலை மட்டும் கேட்பதுபோலாகும்.

ஐந்தாம் வியாக்கியானத்தின் இடம்

அழகியமணவாளச்சீயருடைய பன்னீராயிரப்படிக்கு இன்று வாசகர் குறைவு. ஈட்டை ஓதியவர்களில் பலர் இதைப் பதவுரைதானே என்று கடந்து செல்கிறார்கள். சீயருடைய சரித்திரத்தைப் பெரியோர் சொல்லுவது வேறு பாடத்தைத் தருகிறது. பெரியவாச்சான்பிள்ளை திருமாளிகையில் மடைப்பள்ளிக் கைங்கரியம் செய்துகொண்டிருந்தவர் அவர். எழுத்தறியாதிருந்த அவர், வித்வான்கள் பேசிக்கொண்டிருந்த நூல் எது என்று கேட்டதற்கு, 'முஸலகிஸலயம்' என்று அவர்கள் பரிஹசித்தார்கள். உலக்கையில் துளிர்த்த தளிர் என்பது அதன் பொருள். அவர் தம் ஆசாரியர் திருவடிகளில் விழுந்து கற்கத் தொடங்கி, வாதிகளுக்கு ஸிம்ஹமாய் நிற்கும் அளவுக்கு உயர்ந்தார்.

சொற்பொருள் தெரியாதவன் வித்வான்களின் நடுவே நிற்கும் நிலை என்ன என்பதை அறிந்தவர் அவர். அவரே சொல் சொல்லாகப் பொருள் கூறும் வியாக்கியானத்தை அருளினார். பின்னுள்ளோரும் கற்றுப் பேசுகைக்காக என்று மாமுனிகள் கூறும் காரணம் இச்சரித்திரத்தோடு பொருந்தி நிற்கிறது. ஈடு கேட்டவர்களை நோக்கிப் பேசிய பேச்சு. எதிரில் இருந்தவருக்குச் சொல் தெரியும் என்று கொண்டே அது செல்லுகிறது. எதிரில் இல்லாதவனுக்காக, இனிமேல் பிறக்கப்போகிறவனுக்காகப் பேசுகிறது பன்னீராயிரம். காஞ்சீபுரம் பிரதிவாதிபயங்கரம் அண்ணங்கராசாரியர் ஸ்வாமி நாலாயிரத்துக்கும் திவ்யார்த்ததீபிகை அருளியதும், பு. ரா. புருஷோத்தம நாயுடு ஈட்டைத் தமிழாக்கிச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் வாயிலாகப் பத்துத் தொகுதிகளாகத் தந்ததும் இந்தச் சீயர் காட்டிய வழியில் செய்த கைங்கரியங்களே.

'நம்' என்னும் திருநாமம்

உகப்பு தனிமனிதருடைய விருப்பமாக நின்றுவிடாமல் ஸம்பிரதாயத்தின் சொத்தாவது எப்படி என்பதையும் உபதேசரத்தினமாலை காட்டுகிறது. நம்பெருமாள், நம்மாழ்வார், நஞ்சீயர், நம்பிள்ளை என்று நால்வருக்கு 'நம்' என்ற உரிமைச்சொல் சேர்ந்த வரலாற்றை ஒரு வெண்பா நினைவூட்டுகிறது. அவரவர் ஏற்றத்தில் ஈடுபட்டவர்கள் அன்பினால் இட்ட திருநாமங்கள் இவை. தமிழில் ஓர் ஆசிரியரை உகக்கிறேன் என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்லமுடியாது. 'என்' என்னாமல் 'நம்' என்றதால், சொன்னவருடைய உகப்பில் கேட்டவர்களுக்கும் பங்கு உண்டாயிற்று.

அதற்கடுத்த வெண்பா கந்தாடைத் தோழப்பருடைய உகப்பைச் சொல்லுகிறது. முதலியாண்டான் வம்சத்தவரான தோழப்பர் நம்பிள்ளையின் பெருமையைப் பொறாமல் பெருமாள் ஸந்நிதியில் அவரைக் கடிந்து பேசினார். தம் தேவியின் சொல்லால் தெளிந்து, மன்னிப்பு வேண்டப் புறப்பட்டு வாசற்கதவைத் திறந்தபோது, நம்பிள்ளையே அங்குக் காத்திருந்து, முதலியாண்டான் திருவம்சத்தவர் திருவுள்ளம் கலங்கும்படி நடந்துகொண்டேனே என்று தாம் மன்னிப்பு வேண்டினார். அதைக் கண்ட தோழப்பர் 'உலகாரியர்' என்ற திருநாமத்தை இட்டார். நம்பிள்ளையின் உபந்யாஸம் தோழப்பரை வெல்லவில்லை; அதைக் கேட்டிருந்தும் அவருக்குப் பொறாமையே விளைந்திருந்தது. அநுஷ்டானம் அவரை வென்றது. வடக்குத்திருவீதிப்பிள்ளை அத்திருநாமத்தைத் தம் குமாரருக்கு இட, பிள்ளை உலகாசிரியர் என்று அது நிலைபெற்றது.

ஓர் உச்சச்சொல்

மாமுனிகள் ஒப்பற்றது என்று ஒன்றைச் சொல்லும் இடமும் உண்டு. ஸ்ரீவசனபூஷணத்துக்கு நிகரில்லை என்றும், இது புகழ்ச்சிக்காகச் சொன்னதன்று, உண்மை என்றும் அருளுகிறார். ஒப்புநோக்கிப் புகழ்வதை அவரே செய்திருக்கிறாரே என்று சிலர் இதை எடுத்துக்காட்டுவதுண்டு. அவ்வெண்பாவை ஊன்றிப் பார்க்கவேண்டும். பிள்ளை உலகாசிரியர் அருளிய நூல்களுக்குள்ளே இதற்கு நிகரில்லை என்பதே அங்குள்ள அந்வயம். ஓர் ஆசிரியருடைய நூல்களுக்குள் தரம் சொல்லப்பட்டதேயன்றி, ஓர் ஆசிரியரை மற்றோர் ஆசிரியருக்குமேல் வைக்கவில்லை. காரணமும் உடனே வருகிறது. முன்னோர் வசனங்களையே எடுத்து அணியாகக் கோத்தது என்பதே அக்காரணம். இங்கும் பெற்ற இடமே காரணம். அதற்கடுத்து, இதன் உட்பொருளை அறிபவர் யார், சொன்னபடி அநுஷ்டிப்பவர் யார் என்ற கேள்வி எழுகிறது. உச்சமான புகழுக்குப் பின் வாசகனை நோக்கித் திரும்பும் இக்கேள்வி, உகப்பைச் சொல்லி முடித்துவிட்டால் கடமை தீர்ந்தது என்ற எண்ணத்துக்கு இடந்தரவில்லை.

வேறொரு எச்சரிக்கையும் பிரபந்தத்தின் பிற்பகுதியில் உண்டு. முன்னோர் சொன்ன முறையைக் கேட்டு, அதை ஆராய்ந்து பேசாமல், தம் நெஞ்சில் தோன்றியதைச் சொல்லி அதையே சுத்தமான உபதேசம் என்பவர்களை அவர் கடிந்துரைக்கிறார். 'எனக்குப் பிடித்திருக்கிறது, அதனால் உயர்ந்தது' என்ற வாதமும் இதனுள் அடங்கும்.

உகந்தவர் செய்த காரியம்

மாமுனிகளுடைய உகப்பு சொல்லளவில் நின்றதன்று. ஈட்டில் எடுத்தாளப்பட்ட பிரமாணங்களைத் தேடித் தொகுத்துப் பிரமாணத்திரட்டு அருளினார். ஈட்டின் கருத்தை ஒவ்வொரு திருவாய்மொழிக்கும் ஒரு வெண்பாவாகத் திருவாய்மொழி நூற்றந்தாதியில் அடக்கினார். பெரியவாச்சான்பிள்ளை பெரியாழ்வார் திருமொழிக்கு அருளிய உரையில் ஏறக்குறைய நானூறு பாசுரங்களுக்கானது சிதிலமாய்ப் போயிருந்தது. மாமுனிகள் கிடைத்திருந்த பகுதிக்குப் புதிதாக உரை எழுதவில்லை. இழந்த பகுதிக்கு மட்டும் எழுதி, பெரியவாச்சான்பிள்ளையின் வாக்கு எங்கே தொடங்குகிறதோ அங்கே நிறுத்திக்கொண்டார். முழுவதற்கும் எழுத வல்லவர் அவர் என்பதில் ஐயமில்லை. தாம் உகந்த ஆசிரியரின் சொல் இருக்கும் இடத்தில் தம் சொல்லை வைக்காமலிருப்பதும், அது இல்லாத இடத்தில் வாசகனுக்குக் குறை நேராமல் நிரப்புவதும் ஆகிய இரண்டையும் ஒருங்கே செய்தார். அவர் வெண்பாவில் சொன்ன இரண்டு முனைகளும் இந்த ஒரு காரியத்தில் கூடியிருக்கின்றன.

ஆகவே, உமக்கு உகந்த வியாக்கியாதா யார் என்று கேட்கப்பட்டால் நாம் தாராளமாகப் பெயர் சொல்லலாம். உகப்பு ஸம்பிரதாய விரோதமன்று. தோழப்பருடைய உகப்பே ஒரு திருநாமமாய் நிலைத்தது. ஆனால் காரணத்தை ஒரு பாசுரத்தின்மேல் வைத்துக் காட்டவேண்டும். ஒரு திருவாய்மொழியை எடுத்துக்கொண்டு, சொற்பொருளுக்குப் பன்னீராயிரத்தையும், திரண்ட பொருளுக்கு ஆறாயிரத்தையும் பார்த்து, ஒன்பதினாயிரத்தின் வழியாக இருபத்துநாலாயிரத்தில் புகுந்து, முடிவில் ஈட்டை ஸேவிப்பவனுக்கு ஒவ்வொருவரும் எதைப் பெற்றார், எதைக் கூட்டினார் என்பது விளங்கும். அப்போது அவன் ஈட்டையே மிகவும் உகந்தாலும், அவ்வுகப்பு மற்ற நால்வரையும் அவனுக்குக் காட்டிக்கொடுக்கும். அறிந்ததை அருகிலிருக்கும் ஒருவருக்காவது சொல்லவும் வேண்டும். பின்னுள்ளாரும் கற்றுப் பேசுகைக்காக அருளப்பட்ட வியாக்கியானங்களுக்கு நாம் செலுத்தக்கூடிய நன்றி அதுவே.